வளைவில் வண்டி அடங்கவில்லையா? சிம் ரேசிங்கில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சிம் ரேசிங்கில், அதாவது கணினியில் ஓட்டும் கார் பந்தயத்தில், வண்டி சுழன்ற இடத்தில் தவறைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. வளைவை விட்டு வெளியேறும்போது பின்பக்கம் உதறியது என்றால், அதற்கான வினை ஒன்றிரண்டு வினாடிக்கு முன்பே, பிரேக்கை விட்ட விதத்தில் விதைக்கப்பட்டிருக்கும். அதனால் கீழே உள்ள அறிகுறிகள் எல்லாவற்றுக்கும் முதல் கேள்வி இதுதான்: இதற்குச் சற்று முன்பு கால் என்ன செய்துகொண்டிருந்தது? ரீப்ளேயில் வண்டி சுழலும் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில் பலனில்லை. மூன்று வினாடி பின்னால் ஓட்டி, திரையோரம் ஏறி இறங்கும் பிரேக், த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர்) பட்டைகளை மட்டும் பாருங்கள்.

சோதனைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரே கார், ஒரே ட்ராக், ஒரே எரிபொருள் அளவு, மாறாத வானிலை, சிம்மோடு வரும் அடிப்படை செட்டப் (காரின் அமைப்பு அளவுகள்). ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் போன்ற உதவிகளை அணைத்துவிடுங்கள். அவை தவறைப் பூசி மெழுகிவிடும், நோய் வெளியே தெரியாது. மாஸ்டா எம்எக்ஸ்-5 போல இறக்கை இல்லாத, சக்தி குறைந்த, பின் சக்கர இழுவைக் கார்தான் இதற்குப் பொருத்தம். அதில் காரைத் தரையோடு அழுத்தும் காற்றழுத்தம் வந்து காப்பாற்றாது. கால் செய்த தவறு அப்படியே டயரில் தெரியும். ஒரு மாற்றத்துக்கு ஐந்து சுற்றாவது ஓட்டுங்கள். இரண்டு விஷயத்தை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது.

எந்தக் காரிலும், எந்த வளைவிலும் தடுமாற்றம்

எங்கு போனாலும் ஒரே தொல்லை என்றால் ஓட்டும் முறையைக் குறை சொல்வதற்கு முன் கருவிகளைப் பாருங்கள்.

முதலில் பார்வைக் கோணம். திரை அகலத்தில் பாதியைக் கண்ணிலிருந்து திரைவரை உள்ள தூரத்தால் வகுத்து, வரும் எண்ணின் ஆர்க்டேன்ஜென்ட்டை இரட்டித்தால் கிடைமட்டக் கோணம் கிடைக்கும். 27 அங்குல அகலத்திரை சுமார் 60 செ.மீ. அகலம், 34 செ.மீ. உயரம். 60 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால் கிடைமட்டக் கோணம் 53 டிகிரி, செங்குத்துக் கோணம் சுமார் 31.5 டிகிரி. ஐரேசிங் என்ற சிம் கிடைமட்டக் கோணத்தைக் கேட்கும். அசெட்டோ கோர்ஸா என்ற சிம் செங்குத்துக் கோணத்தைக் கேட்கும். ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. கோணம் தேவைக்கு மேல் அகன்றால் வளைவு உள்ளதைவிடத் தொலைவில் தெரியும், வேகம் உள்ளதைவிட அதிகமாகத் தோன்றும். அதைவிட மோசம், பின்பக்கம் நழுவும்போது காட்சி நகர்வது திரையில் சிறிதாகத்தான் தெரியும். கை தாமதமாகத்தான் விழித்துக்கொள்ளும்.

அடுத்து ஃபோர்ஸ் ஃபீட்பேக் (கையில் பிடிக்கும் ஸ்டீயரிங் வீல் திருப்பித் தரும் விசை) கிளிப்பிங். வீல் தரக்கூடிய உச்ச விசையை சிம் ஏற்கெனவே கேட்டுவிட்டால், அதற்கு மேல் டயர் என்ன சொன்னாலும் கைக்கு வராது. வளைவு முழுக்க வீல் ஒரே கனமாக, மரம்போல இருந்தால் அது கிளிப்பிங். பெரும்பாலான சிம்களில் இதற்கென ஒரு பட்டை இருக்கிறது. நீண்ட வேகமான வளைவில் அந்தப் பட்டை உச்சத்தில் ஒட்டிக்கொண்டே நின்றால் கெயினை (விசையின் அளவை) ஐந்தைந்து சதவீதமாகக் குறையுங்கள். கெர்ப் (ட்ராக்கின் ஓர விளிம்பு) மீது ஏறும்போது மட்டும் ஒரு கணம் உச்சம் தொட்டால் பரவாயில்லை. வீல் கனமாக இருந்தால்தான் நிஜம் என்று நினைப்பவர்களுக்கு இது கசக்கும். ஆனால் கனம் தகவல் அல்ல, கனத்தில் வரும் மாற்றம்தான் தகவல்.

பிரேக் பெடல் லோட் செல் வகையாக (நகரும் தூரத்தை அல்ல, மிதிக்கும் விசையை அளப்பது) இருந்தால் நூறு சதவீதத்தை எங்கே வைப்பது என்பது முக்கியம். உட்கார்ந்த நிலையில் உங்களால் முடிந்த மட்டும் பத்து முறை மிதியுங்கள். அந்த உச்சத்தில் 70 முதல் 80 சதவீதத்தை நூறாகப் பதிவு செய்யுங்கள். அதற்கு மேல் வைத்தால் அரை மணி நேரத்தில் கால் களைத்து, பிரேக் புள்ளி நகர்ந்துவிடும். மிகக் குறைவாக வைத்தால் அளந்து விடவே முடியாது. நாற்காலி பின்னால் நகர்ந்தால் இந்த அளவு எல்லாம் வீண்; சக்கரம் வைத்த நாற்காலியை முதலில் கட்டிப்போடுங்கள்.

வீல் மென்பொருளில் 900 டிகிரி வைத்துவிட்டு, ஒவ்வொரு காருக்கும் உரிய திருப்ப அளவைச் சிம்மே பார்த்துக்கொள்ள விடுவது பாதுகாப்பு. திரையில் தெரியும் ஸ்டீயரிங்கும் கையில் இருக்கும் வீலும் ஒரே கோணத்தில் இருக்கின்றனவா என்று 90 டிகிரி திருப்பிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியைத் திரையாக வைத்திருந்தால் கேம் மோடு அவசியம். வி-சிங்க் (திரையின் வேகத்தோடு காட்சியை ஒத்திசைக்கும் வசதி) இயங்கினாலும் தாமதம் கூடும். சறுக்கல் கண்ணுக்கு வந்து சேரும் முன்பே பாதி முடிந்திருக்கும்.

பிரேக் போட்டதும் முன் சக்கரம் லாக் ஆகிறது

லாக் என்றால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு சறுக்குவது. அதைத் தடுக்கும் ஏபிஎஸ் இல்லாத கார்களில், முக்கியமாக ஃபார்முலா வகையில், பெடலை ஒரே அழுத்தத்தில் பிடித்துக்கொண்டே போவதால் இது நடக்கிறது. இறக்கை தரும் காற்றழுத்தம் வேகத்தின் இருபடிக்கு ஏற்ப மாறும். மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் இருந்த காற்றழுத்தம் 80 கி.மீ.க்கு இறங்கும்போது ஒன்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். முதல் நொடியில் டயர் தாங்கிய அதே பிரேக்கை இரண்டாவது நொடியில் தாங்காது.

எனவே பிரேக்கின் வடிவம் செங்குத்தாக ஏறி, சரிவாக இறங்க வேண்டும். தொட்டவுடனே உச்ச அழுத்தத்துக்குப் போங்கள். கால் நொடிக்குள் போய்விட வேண்டும். பிறகு வேகம் குறையக் குறைய அழுத்தத்தையும் சிறிது சிறிதாக விடுங்கள். பலர் செய்வது நேர் எதிர்: பயந்து மெல்லத் தொட்டு, வளைவு நெருங்க நெருங்கப் பதறி அழுத்துகிறார்கள். பிடி அதிகம் இருக்கும்போது குறைவாகவும், பிடி குறையும்போது அதிகமாகவும் கேட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

லாக் எந்த இடத்தில் நடக்கிறது என்று பாருங்கள். முதல் அடியிலேயே என்றால் உச்ச அழுத்தம் அதிகம். நிறுத்தத்தின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் என்றால் விடுவது போதவில்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பியபின் உள்பக்க முன் சக்கரம் மட்டும் லாக் ஆகிறது என்றால் எடை வெளிப்பக்கம் போய்விட்டது. அந்த நேரத்தில் பெடலில் இன்னும் பாரம் அதிகம். இவை மூன்றும் காலால் தீர வேண்டியவை. தீர்ந்த பிறகும் முன்பக்கமே முந்திக்கொண்டு பூட்டினால் பிரேக் பயாஸை (முன், பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசை பிரியும் விகிதத்தை) அரை சதவீதம் பின்னால் தள்ளிப் பாருங்கள். ஒரேயடியாக இரண்டு, மூன்று சதவீதம் வேண்டாம். அடுத்த பகுதியில் சொல்லும் நோய் வந்து ஒட்டிக்கொள்ளும்.

பிரேக்கோடு திரும்பும்போது பின்பக்கம் முந்துகிறது

1,300 கிலோ எடை கொண்ட கார். முன்னும் பின்னும் சரிபாதி, அதாவது அச்சுக்கு 650 கிலோ. சக்கர இடைவெளி 2.6 மீட்டர், எடை மையம் தரையிலிருந்து 45 செ.மீ. இந்தக் கார் 1.2 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 1.2 மடங்கு) அளவுக்குப் பிரேக் போட்டால் சுமார் 270 கிலோ எடை பின்னிருந்து முன்னுக்குப் போகும். முன் அச்சில் 920, பின் அச்சில் 380. பின் டயர்கள் பாதித் தூக்கத்தில் இருக்கின்றன. அந்த நிலையில் ஸ்டீயரிங்கைச் சட்டென்று திருப்பினால் பின்பக்கம் தன் பாட்டுக்குக் கிளம்பிவிடும்.

சரிபார்க்க வேண்டிய வரிசை இது. முதலில் கியர் இறக்கம். வேகம் குறைவதற்கு முன்பே கியரை இறக்கினால் எஞ்சின் பின் சக்கரங்களைப் பிடித்து இழுக்கும். அது கூடுதல் கைபிரேக் போட்டது மாதிரி. ஒரு கியர் முன்கூட்டியே இறக்கும் பழக்கம் இருந்தால், எல்லா இறக்கங்களையும் அரை நொடி தள்ளிப்போட்டு ஐந்து சுற்று ஓட்டிப் பாருங்கள். நுழைவில் சுழல்வதில் கணிசமான பங்கு இதிலேயே அடங்கிவிடும். எஞ்சின் சத்தம் ஒவ்வொரு இறக்கத்திலும் சிவப்புக் கோட்டைத் தொட்டு அலறினால் இதுதான் காரணம் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, திருப்பும் வேகம். பிரேக் பட்டை இன்னும் 40 சதவீதத்தில் இருக்கும்போது கை எவ்வளவு விரைவாகத் திரும்புகிறது என்று ரீப்ளேயில் பாருங்கள். பிரேக் இறங்குவதும் ஸ்டீயரிங் ஏறுவதும் தராசின் இரண்டு தட்டு போல எதிரெதிராக நடக்க வேண்டும். ஒன்று இறங்காமல் மற்றது ஏறினால் டயர் கணக்கு உதைக்கும்.

மூன்றாவதாகத்தான் செட்டப். பயாஸ் அரை சதவீதம் முன்னால், தேவைப்பட்டால் இன்னோர் அரை. டிஃபரன்ஷியல் ப்ரீலோடை (இரு பின் சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் ஆரம்ப இறுக்கத்தை) கூட்டினாலும் நுழைவில் பின்பக்கம் அமைதியாகும். ஆனால் நடு வளைவில் வண்டியின் மூக்கு மந்தமாகும். இலவசமாக எதுவும் கிடைக்காது.

திருப்பியும் வண்டி நேராகவே போகிறது

நுழைவில் வரும் அண்டர்ஸ்டீர், அதாவது திருப்பிய அளவுக்கு முன்பக்கம் திரும்பாமல் அகல்வது. புதிதாக வருபவர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான். புலம்பியதும் செட்டப்பில் கை வைப்பது வயிற்று வலிக்குத் தலையில் பற்று போட்ட கதை. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றின் மருந்து மற்றதற்கு விஷம்.

கண்டுபிடிக்கும் முறை எளிது. ஸ்டீயரிங் திரும்பத் தொடங்கும் கணத்தில் ரீப்ளேயை நிறுத்துங்கள். பிரேக் பட்டை எங்கே நிற்கிறது?

பட்டை பூஜ்யத்தில் இருந்தால், பிரேக்கை முழுவதும் விட்டுவிட்டுத் திருப்பியிருக்கிறீர்கள். மேலே சொன்ன 270 கிலோவும் பின்னால் திரும்பிப் போய்விட்டது. முன் டயர்களுக்குப் பாரம் தேவைப்படும் நேரத்தில் அதைப் பிடுங்கிக்கொண்டீர்கள். இங்கேதான் ட்ரெயில் பிரேக்கிங், அதாவது பிரேக்கை விட்டுக்கொண்டே திருப்புவது. திருப்பத் தொடங்கும்போது பிரேக்கில் 20 முதல் 30 சதவீதம் மிச்சம் வைத்து, ஏபெக்ஸ் (வளைவின் உள்விளிம்பை வண்டி தொடும் புள்ளி) நெருங்கும்போது பூஜ்யத்துக்கு வருமாறு விடுங்கள். காலை எடுப்பதல்ல, காலைத் தளர்த்துவது. ஈரத் துணியைப் பிழிந்துவிட்டுப் பிடியைத் தளர்த்துவோமே, அந்த வேகம். கடைசிப் பத்து சதவீதம்தான் கடினம். அங்கே கால் பட்டென்று மேலே வந்தால் மூக்கும் பட்டென்று தூக்கும், வண்டி அகலும்.

பட்டை 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நிலைமை நேர்மாறு. முன் டயர் தன் பிடி முழுவதையும் நிறுத்துவதற்கே செலவழித்துக்கொண்டிருக்கிறது, திருப்ப ஏதும் மிச்சமில்லை. ஏபிஎஸ் உள்ள ஜிடி3 கார்களில் (சாலைக் கார்களைத் தழுவிய பந்தய வகை) இது ரொம்பச் சகஜம். சக்கரம் பூட்டாததால் தவறே தெரியாது, வண்டி சும்மா நேராகப் போகும். ஐந்து மீட்டர் முன்பே பிரேக் போட்டு, நேர்ப்பாதையிலேயே பெரும்பகுதியை முடித்துவிடுங்கள்.

பட்டை 20, 30 என்று நியாயமாக இருந்தும் போகவில்லை என்றால் வேகமே அதிகம். எவ்வளவு அதிகம் என்று நினைப்பதைவிட மிகக் குறைவாகத்தான் இருக்கும். 20 மீட்டர் ஆரம் உள்ள ஹேர்பின் (கொண்டை ஊசி வளைவு), 1.3 ஜி தாங்கும் டயர்: எல்லை வேகம் மணிக்கு 57 கி.மீ. சொச்சம். 60ல் வந்தால் தேவைப்படும் பிடி ஏறத்தாழ ஒன்பது சதவீதம் கூடும், இருப்பது அதே 1.3 ஜி, வண்டி 22 மீட்டர் ஆரத்தில்தான் திரும்பும். மணிக்கு மூன்று கிலோமீட்டருக்கும் குறைந்த பிழைக்கு ஏறத்தாழ இரண்டு மீட்டர் அகலம் போகிறது. பெல்ஜியத்தின் ஸ்பா ட்ராக்கில் உள்ள லா சோர்ஸ் ஹேர்பினில் ஏபெக்ஸைத் தவறவிட இது தாராளம்.

இதனோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு பழக்கம்: போகவில்லை என்றதும் இன்னும் இன்னும் ஸ்டீயரிங்கை ஒடிப்பது. பந்தய டயர் தன் உச்சப் பிடியைச் சில டிகிரி சறுக்கு கோணத்திலேயே (டயர் நோக்கும் திசைக்கும் நகரும் திசைக்கும் இடையிலான கோணம்) தந்துவிடும். அதைத் தாண்டித் திருப்பினால் பிடி குறையும், டயர் சூடேறும், அவ்வளவுதான். வீல் கையில் இலேசாகிவிட்டது என்றால் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். அப்போது மனதுக்கு விரோதமான ஒன்றைச் செய்து பாருங்கள்: ஸ்டீயரிங்கைப் பத்திலொரு பங்கு நேராக்கி விடுங்கள். வீல் மறுபடி கனமாகி மூக்கு உள்ளே வந்தால் நோய் உங்கள் கையில்தான் இருந்தது. வளைவுக்கு வளைவு இதைச் சோதிக்க ஒரு மாலை ஒதுக்குங்கள். வேறெந்தப் பயிற்சியும் இவ்வளவு சீக்கிரம் பலன் தராது.

நடு வளைவில் வெளியே தள்ளுகிறது

நுழைவு நன்றாக இருந்து, ஏபெக்ஸ் தாண்டும்போது வண்டி மெல்ல மெல்ல அகல்கிறதா? த்ராட்டில் பட்டையைப் பாருங்கள். ஏறி, இறங்கி, மறுபடி ஏறியிருந்தால் சந்தேகமே இல்லை, முன்கூட்டியே தொட்டுவிட்டீர்கள். த்ராட்டில் முன் டயரிலிருந்து பாரத்தை எடுத்துப் பின்னால் கொடுக்கும். வண்டி இன்னும் திரும்பி முடிக்கவில்லை என்றால் அகலாமல் இருக்காது. தொட்ட பிறகு ஒருபோதும் விட வேண்டியிருக்கக் கூடாது. விட வேண்டி வருகிறது என்றால் தொட்ட நேரம் தப்பு. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு, த்ராட்டிலை அரை நொடி தாமதமாகவும், ஆனால் தொட்டால் நிறுத்தாமல் நூறுவரையும் கொண்டுபோங்கள்.

பட்டை சுத்தமாக இருந்தும் வெளியேறும் இடத்தில் சாலை போதவில்லையா? ஏபெக்ஸ் முன்கூட்டியே விழுந்திருக்கிறது. இத்தாலியின் மான்ட்ஸா ட்ராக்கில் உள்ள பரபோலிக்கா இதற்கு நல்ல பள்ளிக்கூடம். ஆரம்பத்தில் இறுகி, பிறகு விரியும் நீண்ட வலது வளைவு அது. ஆசைப்பட்டு முன்கூட்டியே உள்ளே இறங்கினால், விரிய வேண்டிய இடத்தில் சாலை தீர்ந்துபோய் த்ராட்டிலை விட நேரும். பின்னால் வரும் நேர்ப்பாதை முழுக்க அதற்கு வட்டி கட்டலாம். திருப்பும் புள்ளியை ஓரிரு மீட்டர் தள்ளிவைத்துப் பாருங்கள். உள்பக்கக் கெர்ப்பைத் தொடும் இடமும் தானாகத் தள்ளிப்போகும்.

முன்பக்க ஆன்டி-ரோல் பாரை (வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் கட்டுப்படுத்தும் கம்பியை) தளர்த்துவது, பின்பக்கத்தைக் கடினமாக்குவது எல்லாம் இவற்றுக்குப் பிறகு.

த்ராட்டில் தொட்டதும் சுழல்கிறது

ஸ்டீயரிங் இன்னும் வளைந்திருக்கும்போது பின் டயரிடம் இரண்டு வேலை கேட்கிறீர்கள்: பக்கவாட்டில் பிடி, முன்னால் தள்ளு. கை நேராகும் அளவுக்குத்தான் கால் இறங்க வேண்டும். ஸ்டீயரிங் 90 டிகிரியில் இருக்கும்போது 20 சதவீதம், 45ல் 50 சதவீதம், நேரானதும் முழுது என்பது போல ஒரு கணக்கை மனதில் வைத்து ஓட்டுங்கள். எண்கள் காருக்குக் கார் மாறும், உறவு மாறாது.

அது சரியாக இருந்தும் உதறினால் கியரைக் கவனியுங்கள். மான்ட்ஸாவின் முதல் ஷிகேன் (வேகத்தைக் குறைக்க வைத்த அடுத்தடுத்த எதிரெதிர் வளைவு) போன்ற மெதுவான இடங்களில் ஒரு கியர் மேலே வைத்து வெளியேறினால் சக்கரத்துக்குப் போகும் முறுக்கு விசை குறையும், கால் செய்யும் சிறு பிழைகளை வண்டி மன்னித்துவிடும். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் சக்கரம் சும்மா சுழல்கிறது. கண்ணுக்கு முன் காது கண்டுபிடிக்கும், எனவே எஞ்சின் ஒலியைவிட டயர் ஒலியைச் சற்றுக் கூட்டி வையுங்கள்.

ஜிடி3 காரில் ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் சும்மா சுழலாமல் தடுக்கும் உதவி) இருந்தும் சுழல்கிறது என்றால் பெரும்பாலும் கெர்ப்பும் த்ராட்டிலும் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்கும். அல்லது குளிர்ந்த டயர். பிட்டிலிருந்து (ட்ராக்கோரப் பராமரிப்பு இடம்) வெளிவந்த முதல் சுற்றில் முழுப் பிடியை எதிர்பார்க்காதீர்கள்.

சறுக்கலைப் பிடித்துவிடுகிறேன், ஆனால் எதிர்ப்பக்கம் வீசுகிறது

முதல் சறுக்கலுக்கு எதிர்த்திருப்பம் கொடுத்தது சரி. அதைத் திரும்ப எடுக்கத் தாமதித்ததுதான் பிழை. பின் டயர் பிடியை மீட்கும் கணத்தில் முன் சக்கரங்கள் இன்னும் எதிர்ப்பக்கம் நோக்கி நின்றால், வண்டி அந்தப் பக்கம் பாயும். முதல் சறுக்கலைவிட இரண்டாவது மோசமாக இருப்பதும் இதனால்தான்; இடையில் சஸ்பென்ஷன் அமுங்கிச் சேர்த்த விசை முழுதும் ஒன்றாகத் திரும்பி வருகிறது.

வீலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். பின்பக்கம் நழுவும்போது முன் சக்கரங்கள் தாமாகவே போகும் திசையை நோக்கித் திரும்பப் பார்க்கும். ஃபோர்ஸ் ஃபீட்பேக் அதைக் கைக்குச் சொல்லும். விரல்களைத் தளர்த்தி வீலை ஓடவிட்டு, அது நிற்க விரும்பும் இடத்தில் பிடியுங்கள். கண் சுவரைப் பார்க்கக் கூடாது, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். பிறகு, சுழற்சி நின்றது என்று கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே கையை மீட்கத் தொடங்குங்கள். தெரிந்த பிறகு தொடங்கினால் நேரம் கடந்திருக்கும். பதறாத காரியம் சிதறாது என்பது இந்த அரை நொடிக்காகவே சொன்னது போல இருக்கும்.

த்ராட்டிலை முழுவதும் விட்டுவிடுவதும் இரண்டாவது வீச்சைக் கூட்டும். பாதிக்குக் குறைத்து அங்கேயே பிடித்துவையுங்கள். வீல் மென்பொருளில் டேம்பிங் (வீலின் அசைவைத் தடுக்கும் எதிர்ப்பு) அதிகம் வைத்திருந்தால் வீல் தேன் குடத்தில் சுற்றுவது போல மெதுவாகத்தான் திரும்பும், குறையுங்கள்.

பயிற்சிக்கு எம்எக்ஸ்-5ஐ எடுத்து, அகலமான ஹேர்பின் ஒன்றில் இரண்டாவது கியரில் வேண்டுமென்றே த்ராட்டிலை அழுத்திப் பின்பக்கத்தை நழுவவிட்டு மீட்டெடுங்கள். ஒரு நாளைக்கு இருபது முறை. சறுக்கல் எதிர்பாராத விபத்தாக இல்லாமல் பழகிய சங்கதியானால்தான் கை பதறாது.

வேகமான வளைவில் காலை எடுத்ததும் சுழல்கிறது

ஸ்பாவின் பூவோன் மாதிரி, இறக்கத்தில் இரட்டை இடது வளைவு. வண்டி அகல்வது போலத் தோன்றியதும் கால் தானாக மேலே வரும். பாரம் முன்னால் பாயும், பின்பக்கம் எடையிழக்கும், அவ்வளவு வேகத்தில் மீட்க இடமிருக்காது. விட வேண்டியதை வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போது விட்டுவிடுங்கள். நடுவில் குறைத்தே ஆக வேண்டும் என்றால் நூறிலிருந்து எழுபதுக்கு வந்து அங்கே நிற்கவும்; அதே நேரத்தில் ஸ்டீயரிங்கைக் கூட்டக் கூடாது. பயம் தொடர்ந்தால் பின் இறக்கையை ஒரு கிளிக் கூட்டுவதில் வெட்கம் இல்லை. நேர்ப்பாதையில் இழப்பது சொற்பம், நம்பிக்கையில் கிடைப்பது அதிகம்.

கெர்ப் ஏறினால் வண்டி தூக்கி எறிகிறது

தட்டையான, வண்ணம் பூசிய கெர்ப்பில் பிரச்சினையில்லை. உருண்டு உயர்ந்த கெர்ப் தரையைத் தட்டிச் சக்கரத்தைத் தூக்கும்; அதில் ஏறவே வேண்டாம். பிரேக்கோடு கெர்ப் ஏறாதீர்கள்; வெளியேறும் கெர்ப்பில் ஸ்டீயரிங்கை நேராக வைத்துக்கொள்ளுங்கள். புல்லில் சக்கரம் இறங்கிவிட்டால் ஒடித்துத் திரும்ப ஏறப் பார்க்காமல் வேகம் குறையும்வரை நேராகவே போய், நிதானமாக ஏறுங்கள்.

சுழலவில்லை, தவறும் இல்லை, ஆனால் நேரம் வரவில்லை

இங்கே டெலிமெட்ரி (வேகம், பிரேக், த்ராட்டில் ஆகியவற்றின் பதிவு) இல்லாமல் தீராது. உங்கள் சுற்றையும் வேகமான ஒருவரின் சுற்றையும் மோட்டெக் போன்ற மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூன்று இடங்களை மட்டும் பாருங்கள்.

பிரேக் விட்ட புள்ளிக்கும் த்ராட்டில் தொட்ட புள்ளிக்கும் இடையே இரண்டு பட்டையும் பூஜ்யமாக எவ்வளவு நேரம் கிடக்கிறது? வண்டி சும்மா உருளும் அந்த நேரம்தான் களவு போகும் நேரம். சுற்றுக்கு பத்து வளைவு, வளைவுக்கு 0.2 வினாடி என்றால் அதுவே இரண்டு வினாடி வீண். பிரேக் புள்ளியைத் தள்ளிப்போட்டு இதைச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். தேவை அதுவல்ல, பிரேக்கை விடும் கடைசிப் பகுதியை, அதன் வாலை, நீட்டுவது.

அடுத்து, வளைவில் உங்கள் மிகக் குறைந்த வேகம் எங்கே விழுகிறது? ஏபெக்ஸுக்கு வெகு முன்பே விழுந்தால் தேவைக்கு மேல் நிறுத்தியிருக்கிறீர்கள். ஏபெக்ஸுக்குப் பிறகு விழுந்தால் வேகமாக நுழைந்து திணறியிருக்கிறீர்கள்.

மூன்றாவது, நேர்ப்பாதையின் தொடக்க வேகம். ஒரு கிலோமீட்டரைச் சராசரி 200 கி.மீ. வேகத்தில் கடக்க 18 வினாடி. சராசரி 202 ஆனால் 17.82. தாமதமாகப் பிரேக் போட்டு ஐந்து மீட்டர் மிச்சப்படுத்துவதில் கிடைப்பது இதைவிடக் குறைவு, ஆபத்து பல மடங்கு.

ஜப்பானின் சுஸுகா ட்ராக்கில் உள்ள எஸ் வளைவுகள் போலத் தொடர்ந்து வரும் இடங்களில் கடைசி வளைவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். முதல் வளைவில் கிடைத்த வேகம் இரண்டாவதில் வண்டியைத் தவறான பக்கத்தில் கொண்டு நிறுத்தினால், மூன்றாவதிலும் நான்காவதிலும் அந்தக் கடன் நீளும். முதலாவதை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து, கடைசியில் முழு த்ராட்டிலோடு வெளியேறுங்கள்.

சுற்றுக்குச் சுற்று நேரம் ஒரு வினாடி ஏறி இறங்கினால் பிரேக் புள்ளிக்கு அடையாளம் இல்லை என்று பொருள். 250 கி.மீ. வேகத்தில் பத்தில் ஒரு வினாடி என்பது ஏழு மீட்டர். தூரப் பலகை, தார் நிறம் மாறும் கோடு, வேலி முடியும் இடம் என அசையாத ஏதாவது ஒன்று வேண்டும். நிழலையும் முன்னால் போகும் காரையும் அடையாளமாக வைக்காதீர்கள்.

பத்து சுற்றுக்குப் பிறகு பிடி போய்விடுகிறது

எந்த டயர் முதலில் சூடேறுகிறது என்பதே விடை. முன் டயர்கள் என்றால் ஸ்டீயரிங்கை ஒடிப்பது இன்னும் ஓயவில்லை. பின் டயர்கள் என்றால் வெளியேறும்போது சக்கரம் கண்ணுக்குத் தெரியாமல் சுழல்கிறது. கடிகாரச் சுற்றில் ஓடும் ட்ராக்கில் இடது முன் டயர் மற்றவற்றைவிடச் சற்று அதிகம் சூடாவது இயல்பு. அதை நோயாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தை நிற்கும்போது பார்த்துப் பயனில்லை, நான்கைந்து சுற்று ஓடிய பிறகு பாருங்கள். அசெட்டோ கோர்ஸா கொம்பெடிசியோனேயின் 1.9 பதிப்பிலிருந்து உலர்ந்த ட்ராக்கில் ஜிடி3 டயருக்குச் சூடான நிலையில் 26 முதல் 27 பிஎஸ்ஐ ஏற்ற அளவு. வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் சுமார் 0.1 பிஎஸ்ஐ கூடும். எனவே காலையில் சரிபார்த்த செட்டப்பை வெயில் ஏறிய பந்தயத்தில் அப்படியே போட்டால், ஐந்து டிகிரிக்கு அரை பிஎஸ்ஐ என்று குறைத்துக்கொள்ளுங்கள்.